ராசு வீட்டுப் பீலி சரிந்து கிடக்கிறது

அக்கராயனில் போன சித்திரை மாதம் ஒரு கதை உலாவியது. பக்கத்து வளவு ராசு தன் வீட்டுக் கூரை விளிம்பில் மழைத்தண்ணீர்ப் பீலி பூட்டிய நாளிலிருந்து செல்வநாயகத்தார் சோறு தின்பதில்லை என்பதுதான் கதை. சங்கக்கடையில் அது மூன்று நாள் பட்டினியாக இருந்தது. பள்ளிக்கூடச் சந்திக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கிழமையாகி, சேலைனும் ஏறிவிட்டது.

விசாரித்துப் பார்த்ததில் அது சுத்தப் பொய். மனிதர் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார், இரவில் புட்டுக்கு இரண்டாம் தரமும் கேட்டிருக்கிறார். மாறியது ஒன்றே ஒன்றுதான். விறாந்தையில் வடக்கைப் பார்த்துக் கிடந்த அவருடைய கதிரை தெற்குப் பக்கம் திரும்பியிருந்தது. வடக்கே ராசுவின் கூரை. தெற்கே மாட்டுக்கொட்டில்.

"மாட்டைப் பாத்துக்கொண்டு சாப்பிடுறதில ஒரு நிம்மதி" என்று அவர் காரணம் சொன்னார்.

"மாடுதான் பாவம்" என்றார் மனைவி விமலேஸ்வரி.

செல்வநாயகத்தாருக்கு அறுபத்துமூன்று வயது. தகப்பன் தென்மராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டிய மனிதர். மூன்று ஏக்கர் வயல் கிடைத்தது, ஆனால் வாய்க்காலின் ஆகக் கடைசியில் கிடைத்தது. குளத்துத் துருசைத் திறந்தால் மேலே உள்ள எட்டு வயல்களும் குடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் இவருடைய வரம்புக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு ஓடிப்போனால், அது வந்துபோன ஈரம் மட்டும் இருக்கும். ஆகவே தண்ணீர் விடயத்தில் அடுத்தவன் பக்கம் எட்டிப் பார்ப்பதை அவருடைய கெட்ட பழக்கம் என்று சொல்லக் கூடாது. அது அவருடைய தொழில்.

அவருக்கு முதலிடம் கிடைத்தது ஒரே ஒரு விடயத்தில். கிணறு. தகப்பன் வெட்டிய கிணறு, எந்தக் கோடைக்கும் வற்றாதது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்களில் ஒன்று அடுத்த வளவில் குந்தியது. அதில் பத்து வயதுப் பையனாக வந்தவர்தான் ராசு. அந்தக் குடும்பம் செல்வநாயகத்தாரின் வயலில் வேலை செய்தது, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது. இன்றைக்கும் ஊரில் யாராவது தண்ணீரைப் பற்றிப் பேசினால் செல்வநாயகத்தார் கனைத்துக்கொள்வார்.

"எங்கட கிணத்துத் தண்ணியில போட்ட தேத்தண்ணி மாதிரி இந்தக் கிளிநொச்சியிலயே கிடையாது."

அந்தத் தண்ணீரில் கேத்திலுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கல் படிவதும், தேத்தண்ணீரின் மேல் ஓர் ஆடை மிதப்பதும், பருப்பு அவிய ஒரு விறகுக்கட்டு போவதும் வேறு கதை. "கல்லுத் தண்ணி எலும்புக்கு நல்லது" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

யுத்தம் முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது அவருக்கு முதல் அடி விழுந்தது. வீட்டுத்திட்டத்தில் அவருக்கும் ராசுவுக்கும் ஒரே வரைபடத்தில், ஒரே ஓட்டில், ஒரே மாதிரிக் கதவில் வீடு வந்தது. மழைத்தண்ணீர் பிடிக்கவென்று குசினி மூலையில் ஒரே அளவில் சீமெந்துத் தொட்டியும் வந்தது. தொட்டியைக் கட்டி முடித்தபோது திட்டக்காரருக்குக் காசு முடிந்துவிட்டதால், கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவரும் பீலி மட்டும் இருவருக்கும் வரவில்லை. செல்வநாயகத்தார் உடனே வீட்டு முன்பக்கத்தில் ஒரு போர்ட்டிகோ இழுத்துக் கட்டி வித்தியாசத்தை நிலைநாட்டினார். தொட்டிக்குள் விதைநெல்லைக் கொட்டி மூடினார்.

"கிணறு இருக்கிறவனுக்கு என்னத்துக்குத் தொட்டி" என்றார். ராசுவின் தொட்டி வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நித்திரை நன்றாக வந்தது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ராசுவின் மகள் கஜேந்தினிக்கு வங்கியில் வேலை கிடைத்தது. பிள்ளை முதல் செய்த காரியம், நெளுக்குளத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டுத் தகப்பன் வீட்டுக்குப் பீலி பூட்டியது. சொக்கிளேற் நிறம். தாவாரம் நீளத்துக்கும் கண்ணுக்கு மை தீட்டின மாதிரி ஓடியது. சித்திரையில் நாலு பின்னேரம் இடிமழை கொட்டியது. தொட்டி நிறைந்தது. ராசு வீட்டுப் பருப்பு கால் மணித்தியாலத்தில் அவிகிறதாம் என்று ஊரெல்லாம் பேச்சு.

செல்வநாயகத்தார் கதிரையைத் திருப்பினார். ஆனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காலையில் பல் விளக்கும்போது பார்த்தார். வைக்கோல் இழுக்கப் போகிறேன் என்று போய்ப் பட்டடையில் ஏறி நின்று பார்த்தார். இவ்வளவு நல்ல பொருளில் ஒரு குறையாவது இல்லாமலிருக்காது என்ற நம்பிக்கை அவரைக் கைவிடவில்லை. பதினோராம் நாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தபோது குறை அகப்பட்டது. அன்று மத்தியானமே தேத்தண்ணீர்க் கடைக்குப் போனார். அங்கே கமக்கார அமைப்பின் செயலாளர் கிருசாந்தன் வாய்ப்பன் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, ராசு வீட்டுப் பீலியைக் கவனிச்சனியோ?"

"ஓம் அண்ணை, வடிவான சாமான்."

"வடிவோ? வடிவாப் பார். சரிஞ்சு கிடக்கு. முன்பக்கம் உயரம், குசினிப் பக்கம் பதிவு. வேலை தெரியாதவன் பூட்டினது."

கிருசாந்தன் போய்ப் பார்த்தான். உண்மைதான், சரிந்துதான் கிடந்தது. நாற்பது வருடம் வயல் மட்டமடித்த கண் பொய் சொல்லாது. ஒரு வயலில் ஒரு மூலை நாலு விரல் பதிந்தால் அங்கே பயிர் அழுகும், மறு மூலை காயும் என்று அறிந்த ஊர் அது. செல்வநாயகத்தாரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஒரு கிழமைக்குள் ராசு வீட்டுப் பீலி சரிந்து கிடக்கிறது என்று எல்லோரும் பேசினார்கள். அவர் வடக்குப் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டு, இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள், குறை கண்டுபிடித்தால் மட்டும் போதாது, குறை இல்லாத ஒன்றைப் பூட்டிக் காட்டவும் வேண்டும் என்று தோன்றியது. ஆவணிப் போக அறுவடை முடியட்டும் என்று பொறுத்திருந்து, புரட்டாதி பிறந்ததும் விமலேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வவுனியா பஸ் ஏறி, ராசுவுக்குப் பீலி வந்த அதே நெளுக்குளம் கடையில் போய் இறங்கினார். கடைக்காரன் நிரோஜன், பூட்டுகிற வேலையையும் தானே செய்கிறவன், பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். தகரப் பீலி மலிவு, ஆனால் கறள் பிடிக்கும். அரைவட்டப் பிளாஸ்ரிக் பீலி பாரமில்லை, ஆனால் மூட்டுக்கு மூட்டு ஒழுகப் பார்க்கும். அலுமினியப் பீலி விலை கூட, ஆனால் மூட்டே இல்லாமல் ஒரே துண்டாக இழுத்து எடுக்கலாம்.

"கூரை எத்தினை அடி அங்கிள்? பக்கத்தில மரங்கள் இருக்கோ? இலை விழுமோ?"

"அதை விடும். ராசு வீட்டுக்கு எது போட்டனீர்?"

"அவையள் பிளாஸ்ரிக். அஞ்சு இஞ்சி."

"எனக்கு அலுமினியம். ஆறு இஞ்சி."

"உங்கட கூரைக்கு அஞ்சே காணும்."

"தம்பி, காணுமோ காணாதோ எண்டு நான் கேக்கயில்லை."

நிறம் வெள்ளை. விமலேஸ்வரிக்கு மண்ணிறம்தான் பிடித்திருந்தது. ஊத்தை தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். மண்ணிறம் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது, ஆகவே அந்த நிறம் உலகத்தில் இல்லாமற் போய்விட்டது.

நிரோஜன் அடுத்த கிழமை வந்து, தாவாரப் பலகையில் கயிறு பிடித்தான். முன்மூலையில் ஓர் ஆணி, குசினி மூலையில் அதைவிட ஒன்றரை இஞ்சி கீழே ஓர் ஆணி. பீலியைத் தாங்குகிற கொளுக்கிகளை அந்தக் கயிற்றின் வழியே அறையப்போனான். கீழே நின்ற செல்வநாயகத்தார் ஒரு கண்ணைப் பொத்தினார்.

"கயிறு சரிவு."

"ஓம் அங்கிள், வாட்டம் குடுக்க வேணும். இல்லாட்டித் தண்ணி..."

"எனக்குத் தண்ணி படிப்பிக்கிறீரோ? ராசு வீட்டில செய்த பிழையை இஞ்சயும் செய்ய விடமாட்டன். கயிற்றைக் கழட்டும்."

நிரோஜன் விமலேஸ்வரியைப் பார்த்தான். அவர் குசினிக்குள் போய்விட்டார். வயலுக்கு மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, செல்வநாயகத்தாரே இரு மூலைக்கும் மட்டம் எடுத்துக் கொடுத்தார். மயிரிழை பிசகவில்லை.

"பிறகு என்னைக் கேக்கக்கூடாது, அங்கிள்" என்று சொல்லி நிரோஜன் பூட்டினான். குசினி மூலையில் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினான். தொட்டிக்குள் இருந்த விதைநெல் சாக்குகளில் ஏறி அறைக்குள் போனது. சாக்குகளைத் தூக்கும்போது நெல் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அணில் வேலை என்று விமலேஸ்வரி சொன்னார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் செல்வநாயகத்தார் கிருசாந்தனையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டார். ஏணி வைத்து ஏறி, ஒரு வாளித் தண்ணீரைப் பீலியில் ஊற்றினார். தண்ணீர் முப்பதடிக்கும் பரவி, அப்படியே நின்றது. ஒரு பக்கமும் அசையவில்லை.

"பாத்தியளோ? ஒரு சொட்டு ஒரு பக்கம் ஓடுதோ?"

"இல்லை அண்ணை."

"ராசு வீட்டில ஊத்திப் பாருங்கோ. எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிடும்."

வந்தவர்கள் ஐந்து பேரும் வயல் செய்கிற கமக்காரர்கள். ஊற்றிய தண்ணீர் ஓடாமல் சமனாக நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்கு மனம் நிறையும். ஏணியில் ஒருவர் பின் ஒருவராக ஏறிப் பார்த்து, மட்டமென்றால் இதுவல்லோ மட்டம் என்று புகழ்ந்தார்கள். அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகவேண்டிய தண்ணீர் என்பது ஆறு பேரில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விறகு கொத்திக்கொண்டிருந்த ராசுவுக்கு வந்திருக்கலாம். அவரை யாரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் மழைக்குச் செல்வநாயகத்தார் குடையோடு போய்த் தொட்டியடியில் நின்றார். பீலி நிரம்பியது. நிரம்பி, முப்பதடி நீளத்துக்கும் சமனாக, எந்த இடத்துக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் வழிந்து முற்றத்தில் விழுந்தது. குழாயால் விரல் பருமனில் ஏதோ வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ராசுவின் தொட்டி தொம் தொம் என்று நிறைகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் குடைக்குள் நின்று கடைசி வரைக்கும் கேட்டார்.

"புதுப் பீலி. பழக வேணும்" என்று உள்ளே வந்து சொன்னார்.

பீலி பழகியது. மழை விட்ட பிறகும் ஒரு விரல் தண்ணீர் அதற்குள் நின்றது. வேம்பின் இலை விழுந்து ஊறியது, ஓட்டுத் தூசி கழுவுப்பட்டுச் சேறானது. பத்தாம் நாள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் படலையடியில் நின்று மேலே பார்த்தார்கள். வெள்ளைப் பீலியின் விளிம்புக்கு மேலே பச்சையாக ஒரு வரிசை தெரிந்தது. அணில்கள் தொட்டியிலிருந்து களவெடுத்து ஓட்டுக்கடியில் சேமித்த விதைநெல், மழையில் கழுவுப்பட்டுப் பீலிக்குள் வந்து, மட்டமான சேற்றில், சமனான தண்ணீரில், ஒரே சீராக முளைத்திருந்தது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு ஒழுங்கான நாற்று அந்தப் போகத்தில் அக்கராயனில் வேறெங்கும் இருக்கவில்லை.

கிருசாந்தன் மோட்டார்சைக்கிளை நிறுத்திப் பார்த்தான்.

"அண்ணை, உரமானியப் படிவத்தில இதையும் பதியட்டோ?"

"எதை?"

"மேல் வயலை. வாய்க்காலில கடைசி ஆள் எண்டு இனி நீங்கள் சொல்லேலாது. உங்களுக்கு வானத்திலயிருந்து நேரடிப் பாய்ச்சல்."

அன்றிலிருந்து செல்வநாயகத்தார் தேத்தண்ணீர்க் கடைப் பக்கம் போகவில்லை. நிரோஜனுக்குத் தொலைபேசி எடுத்தார். மழைக்காலத்தில் ஏணியில் ஏறமாட்டேன், தைப்பொங்கல் கழியட்டும் என்றான் அவன். தை வரைக்கும் தலைக்குமேல் வயலோடு இருக்கலாமா?

"ராசு அண்ணையைக் கூப்பிடுங்கோ. அவருக்கு விளங்கும்" என்றார் விமலேஸ்வரி.

"அவனையோ? என்ர கிணத்துத் தண்ணியில வளந்தவனிட்ட நான் தண்ணிக்கு யோசினை கேக்கிறதோ?"

விமலேஸ்வரி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அவர் ஒரு மிடறு குடித்தார். ஊரே சிரித்தாலும் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல் அந்தத் தேத்தண்ணீர்தான்.

"பீலி போனால் போகட்டும். இந்த ருசி அவன்ர தொட்டிக்கு வருமோ? கிணறு கிணறுதான்."

"அது அவையின்ர தொட்டித் தண்ணிதான்."

"என்னது?"

"சித்திரையில இருந்து. நாளுக்கு ஒரு போத்தல். ராசு அண்ணையின்ர மனிசி ராக்காயிதான் வேலியாலே தாறவா. கிணத்துத் தண்ணியில ஊத்தினால் நீங்கள் ஆடை மிதக்குதெண்டு முகத்தைச் சுழிக்கிறனீங்கள். இப்ப ஆறு மாதமாச் சுழிக்கயில்லை. கவனிக்கயில்லையோ?"

செல்வநாயகத்தார் கோப்பையைப் பார்த்தார். ஆடை இல்லை. அடி வரைக்கும் தெளிவாக, நல்ல சிவப்பாக இருந்தது. ஆறு மாதமாக ஊருக்குள் தன் கிணற்றின் ருசி என்று அவர் புகழ்ந்ததெல்லாம் ராசுவின் கூரையிலிருந்து வந்தது. சரிந்த பீலியால் வந்தது. கோப்பையைக் கீழே வைக்கலாமா என்று யோசித்தார். ஆனால் தேத்தண்ணீர் நல்ல சூடாக இருந்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டார்.

மறுநாள் ராசு வந்தார். செல்வநாயகத்தார் கூப்பிடவில்லை. ராக்காயி மூலம் விமலேஸ்வரி சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்னங்கய்யா, கொஞ்சம் எறக்கி வுட்டா சரியாப் போயிருங்க" என்றபடி ராசு ஏணியில் ஏறினார். முதலில் நாற்றை வேரோடு பிடுங்கி, ஒரு பிடி கூடச் சிதறாமல் கட்டாகக் கட்டிக் கீழே கொடுத்தார். "நாத்து நல்லாருக்குங்க. வீணாக்காதீங்க." பிறகு குசினிப் பக்கக் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பதித்து அறைந்தார். ஒன்றரை இஞ்சி. நிரோஜன் முதலில் அறைந்த ஆணியின் ஓட்டை அங்கேயே இருந்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வநாயகத்தாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உனக்கு ஆர் ராசு உதெல்லாம் சொல்லித் தந்தது?"

"யாருங்க சொல்றது. தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்துல வரிசையா பத்து வீட்டுக்கும் ஒரே தகரப் பீலிங்க. எங்களது கடைசி வீடு. பத்து வீட்டுக் கூரைத் தண்ணியும் எங்க வாசல்லதான் வந்து விழும். எங்கம்மா வெளிய போயி ஒரு நாளும் தண்ணி தூக்குனதில்ல. இங்க வந்துதான் தூக்குனாங்க."

செல்வநாயகத்தார் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அறுபது வருடமாக வாய்க்காலின் கடைசியில் இருந்து காய்ந்தவர் அவர். கடைசியில் இருந்தவனுக்கு எல்லாத் தண்ணீரும் வந்த ஓர் இடம் உலகத்தில் இருந்திருக்கிறது, அதுவும் ராசுவுக்கு இருந்திருக்கிறது. இடிந்து போயிருக்கக்கூடிய ஒரு லயத்தின் மேலும் அவருக்குப் பொறாமை வந்தது.

அன்று பின்னேர மழைக்கே தொட்டி தொம் தொம் என்றது. விமலேஸ்வரி முதல் தண்ணீரில் ஒரு குடம் நிரப்பி, மூடி, குசினிப் படியில் வைத்தார்.

"இது ராக்காயிக்கு. நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ."

"அவையின்ர தொட்டி வழியுது. என்னத்துக்கு?"

"ஆறு மாதம் வாங்கிக் குடிச்சிருக்கிறம். தேவையோ இல்லையோ, வாங்கினதில ஒரு குடமாவது திரும்பிப் போகவேணும்."

"நாங்கள் குடுக்காத தண்ணியோ? எத்தினை வருசம் எங்கட கிணத்தில..."

"குடுத்தது தெரியும். உங்கட அம்மா கயிற்றைத் தொட விடமாட்டா. தன்ர வேலையெல்லாம் முடிச்சுப்போட்டு வந்துதான் அள்ளி ஊத்துவா. அதுமட்டும் ராக்காயி வெறுங்குடத்தோட வெயிலில நிண்டவா. நான் கலியாணம் முடிச்சு வந்த புதுசில என்ர கண்ணாலே பாத்தனான்."

"அதுக்கு இப்ப நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டால போகவேணுமோ? ஊர் பாக்குமெல்லே."

"அவா நிண்டதையும் ஊர் பாத்ததுதான். குடம் போகுமட்டும் இந்த வீட்டில தேத்தண்ணிக்குக் கிணத்துத் தண்ணிதான்."

சொன்னபடியே செய்தார். அடுத்த நாள் கோப்பையில் ஆடை மிதந்தது. செல்வநாயகத்தார் முகத்தைச் சுழிக்காமல் குடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

மாரி பாதி கழிந்துவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் அவர் குடத்தைத் தூக்கித் தோளில் வைக்கிறார். படலை வரைக்கும் போகிறார். அந்த நேரம் பார்த்து யாராவது சைக்கிளில் வருகிறார்கள். உடனே குடத்தைச் சரித்து, படலையடிச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அதற்காகத்தான் வந்தவர் போல இலையைத் தடவுகிறார். கொட்டுகிற மழைக்குள் நின்று செவ்வரத்தைக்குத் தண்ணீர் விடுகிறார் என்று இப்போது ஊரில் ஒரு புதுக் கதை உலாவுகிறது. விசாரித்ததில் இது உண்மை. செவ்வரத்தை இந்த வருடம் கொப்பு முறியப் பூத்திருக்கிறது. ராக்காயிக்குச் சேரவேண்டிய குடம் இன்னும் வேலியைத் தாண்டவில்லை.